எச்ஓ ஸ்கேல்ல ஐசிஎஃப் பெட்டிக்கு சரியான நீலம் அடிக்கிறது எப்படி

எச்ஓ ஸ்கேல், அதாவது நிஜத்துல 87ல ஒரு பங்கு சைஸ்ல இருக்குற மாடல் ட்ரெயினுக்கு பெயிண்ட் அடிக்க புதுசா வர்றவங்க முதல்ல கேக்குற கேள்வி "ஐசிஎஃப் நீலத்துக்கு எந்த பாட்டில் நம்பர் வாங்கணும்"ங்கிறது தான். ஐசிஎஃப்னா பெரம்பூர்ல இருக்குற ரயில் பெட்டித் தொழிற்சாலை, அந்த டிசைன் பெட்டியோட நீலத்தைத் தான் சொல்றாங்க. கேள்வியில தப்பில்ல, ஆனா பாட்டில் நம்பர்ல இருந்து ஆரம்பிச்சீங்கன்னா கலர் சரியா வராது, ஏன்னா ஐசிஎஃப் நீலம்னு ஒரே ஒரு நீலம் கிடையவே கிடையாது. எந்தப் பெட்டி, எந்த வருஷம், பெயிண்ட் அடிச்சு எத்தனை மாசம் ஓடின பெட்டி, இந்த மூணையும் முதல்ல முடிவு பண்ணுங்க, கடைக்குப் போறது அப்புறம்.

வருஷம் ஏன் முக்கியம்னா, பெரம்பூர்ல ஐசிஎஃப் 1955ல ஆரம்பிச்சதுல இருந்து இந்தப் பெட்டிங்க பல கலர் பாத்தாச்சு. நம்மள்ல பாதி பேர் சின்ன வயசுல ஏறினது அந்த அரக்கு கலர் பெட்டி. 90கள் பிற்பாதியில ஏர் பிரேக் பெட்டிங்களோட நீலம் வந்துச்சு, உடம்பு பூரா அடர் நீலம், ஜன்னல் வரிசையில மட்டும் வெளிர் நீலப் பட்டை. 2018ல பெட்டிங்களை மேம்படுத்துற உத்கிருஷ்ட் திட்டத்துல பழைய பெட்டிங்களுக்கே பிரவுனும் பீஜும் அடிச்சாங்க. அதே வருஷம் ஜனவரியில ஐசிஎஃப் டிசைன் பெட்டி தயாரிப்பும் நின்னுபோச்சு, இப்ப எல்லா பக்கமும் ஓடுற சிவப்பு-சாம்பல் எல்எச்பி பெட்டி வேற டிசைன், வேற நீளம், அதோட பாடியில ஐசிஎஃப் நீலம் அடிச்சா எவ்வளவு நல்ல நீலமா இருந்தாலும் பார்க்குறவங்களுக்கு உறுத்தும். அதே மாதிரி தான் இஞ்சினும், டீசல் இஞ்சின்ல அதைப் பராமரிக்கிற ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு கலர் இருந்துச்சு, அதனால டபிள்யூடிஎம்-2 மாடல் இஞ்சின் என்ன கலர்னு கேக்காம, பொன்மலை ஷெட்டா ஈரோடு ஷெட்டா, எந்த வருஷம்னு கேளுங்க. ஷெட் பேர் இஞ்சின் மேலயே எழுதியிருக்கும், போட்டோவுல ஜூம் பண்ணா படிச்சுடலாம்.

பெட்டியிலயும் எல்லாத்தையும் எழுதியே வச்சிருக்காங்க. பழைய அஞ்சு இலக்க நம்பர்ல முதல் ரெண்டு இலக்கம் தயாரான வருஷம், கடைசி மூணு என்ன வகைப் பெட்டின்னு சொல்லும், 98241னு இருந்தா 1998ல செஞ்ச ஸ்லீப்பர்னு புரிஞ்சுக்கலாம். இன்னும் முக்கியமானது பெட்டியோட கடைசி சுவர்ல, அதாவது அடுத்த பெட்டியோட சேருற பக்கத்துல, ஸ்டென்சில் வச்சு எழுதியிருக்குற சின்ன எழுத்துங்க. எந்த ஒர்க்‌ஷாப்ல பிஓஎச் (காலாகாலத்துல பண்ற முழுப் பராமரிப்பு) பண்ணாங்க, என்னைக்கு, திரும்ப எப்ப வரணும்னு தேதியோட இருக்கும். பிஓஎச் முடிச்சு புதுசா வெளிய வந்த பெட்டி பளபளன்னு எண்ணெய் தடவின மாதிரி அடர் நீலமா நிக்கும், ஒரு வருஷத்துக்கு மேல வெயில்லயும் ஆட்டோமேட்டிக் வாஷிங் பிளான்ட் பிரஷ்லயும் அடிபட்டது சாயம் இறங்கி வெளிறிப்போயிருக்கும். இது ரெண்டும் ஒரே ட்ரெயின்ல பக்கத்துல பக்கத்துல தான் ஓடுச்சு. அதனால பத்து பெட்டிக்கும் ஒரே டப்பாவுல இருந்து ஒரே நீலம் அடிச்சு வரிசையா நிறுத்தினா அது பொம்மை செட் மாதிரி தெரியுறதுக்கு காரணம் அந்த ஒரே மாதிரி இருக்குற தன்மை தான். நான் ரொம்ப அழுத்தி சொல்ல விரும்புறது இதைத்தான். ஒரு பேஸ் நீலம் கலந்துக்கங்க, அதுல ஒவ்வொரு ரெண்டு மூணு பெட்டிக்கும் சில சொட்டு வெளிர் சாம்பல் மட்டும் கூட குறைய விடுங்க, வித்தியாசம் பெட்டியை தனியா பாத்தா தெரியக்கூடாது, பக்கத்துல நிறுத்தினா மட்டும் தெரியணும்.

சரி, அந்த பேஸ் நீலத்தை எங்கிருந்து பிடிக்கிறது? மொபைல் போட்டோவை நம்பி கலக்காதீங்க. போன் ஒவ்வொரு போட்டோவுக்கும் தானா வெள்ளையை மாத்திக்கும், சாயங்கால வெயில்ல எடுத்தா நீலம் மந்தமாகி பழுப்பு ஏறும், நிழல்ல எடுத்தா இல்லாத நீலமெல்லாம் வரும், யூடியூப் வீடியோ அதைவிட மோசம். ஞாபகத்தையும் நம்பாதீங்க, நம்ம மனசு எந்தக் கலரையும் இருக்கிறதைவிட பளிச்சுன்னு தான் ஞாபகம் வச்சுக்கும். நான் சொல்ற வழி ரொம்ப சாதாரணமானது. பெயிண்ட் கடையில ஏஷியன் பெயின்ட்ஸ், நெரோலாக் ஷேட் கார்டு கேட்டா குடுப்பாங்க, அதுல நீலப் பக்கத்தை எடுத்துக்கிட்டு, பிளாட்ஃபார்ம் டிக்கெட் வாங்கிட்டு, பகல்ல ட்ரெயின் பிளாட்ஃபார்ம் கூரை நிழல்ல நிக்கும்போது பெட்டி பக்கத்துல கார்டை பிடிச்சு கண்ணால பாருங்க. நேர் வெயில் படுற பக்கம் வேண்டாம், ராத்திரி லைட்டு வேண்டவே வேண்டாம். ரெண்டுக்கும் ஒரே வெளிச்சம் படுறதால வெளிச்சம் எப்படி இருந்தாலும் ஒப்பிடுறது பெரும்பாலும் சரியா வரும். கிட்ட வர்ற மூணு ஷேட் நம்பரை குறிச்சுக்கங்க, "இதைவிட கொஞ்சம் பச்சை கம்மி", "இதைவிட ஒரு பிடி அழுக்கு"ன்னு பக்கத்துலயே எழுதிக்கங்க. கார்டையும் பெட்டியையும் சேர்த்து ஒரே போட்டோ எடுத்துக்கிட்டா அப்புறம் அந்த போட்டோவும் உபயோகப்படும், ஏன்னா அதுல தெரிஞ்ச கலர் ஒண்ணு கூடவே இருக்கு. வீட்டுக்கு வந்து பெயிண்ட் கலக்கும்போது கார்டை வச்சு தான் மேட்ச் பண்ணணும், ஸ்க்ரீனை வச்சு இல்ல.

இப்ப ஓடாத கலரு, உதாரணத்துக்கு அந்த அரக்கு, அதுக்கு என்ன பண்றதுன்னா மியூசியத்துக்குப் போகலாம், ஐசிஎஃப் பக்கத்துலயே நியூ ஆவடி ரோட்டுல ரயில் மியூசியம் இருக்கு. ஆனா ஒண்ணு, மியூசியத்துல நிக்கிற வண்டிங்களுக்கு அப்பப்ப புதுசா பெயிண்ட் அடிப்பாங்க, ஓடுற காலத்துல அடிச்ச அதே பெயிண்ட்னு எடுத்துக்க முடியாது. கோடு எங்க வருது, எழுத்து எவ்வளவு பெருசு, பட்டை எவ்வளவு அகலம், இதுக்கெல்லாம் மியூசியம் நல்லது, ஷேடுக்கு பழைய கலர் போட்டோ நாலஞ்சை பக்கத்துல வச்சு பொதுவா என்ன தெரியுதுன்னு பாக்குறது தான் நல்லது. இந்தியாவுல பெயிண்ட் கலருக்கு ஐஎஸ் 5னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, அதுல சிக்னல் ரெட் 537, கோல்டன் யெல்லோ 356னு ஒவ்வொண்ணுக்கும் நம்பர். ஒர்க்‌ஷாப் டிராயிங் கையில கிடைச்சா அதுல ஐஎஸ் நம்பரோ ரால் (ஐரோப்பிய கலர் ஸ்டாண்டர்ட்) நம்பரோ போட்டிருந்தா அது ஆரம்பப் புள்ளி மட்டும் தான், ஏன்னா நம்பர் சொல்றது புது பெயிண்ட்டை, நம்ம மாடல் காட்டப்போறது ஓடின வண்டியை.

அடுத்தது ஸ்கேல். எச்ஓன்னா 1:87. லேஅவுட்டை (மாடல் ட்ரெயின் ஓட ட்ராக் போட்டு வச்ச மேசையை) நீங்க ரெண்டடி தூரத்துல இருந்து பாக்குறீங்கன்னா, நிஜத்துல சுமார் 53 மீட்டர் தள்ளி நின்னு ட்ரெயினைப் பாக்குற மாதிரி. அவ்வளவு தூரத்துல காத்துல இருக்குற தூசியும் ஈரமும் கலரை கொஞ்சம் வெளுப்பா, கொஞ்சம் மந்தமா காட்டும். அதனால கார்டுக்கு அச்சு அசலா மேட்ச் பண்ண நீலத்தை அப்படியே அடிச்சா மாடல் கருப்பா, கனமா தெரியும். கொஞ்சம் வெளுக்க வைக்கணும். நீலத்துக்கு வெளிர் சாம்பல் சேருங்க, வெறும் வெள்ளை சேர்த்தா பவுடர் அடிச்ச மாதிரி ஆயிடும். சிவப்புக்கு வெள்ளையே கூடாது, ரோஸ் ஆயிடும், க்ரீமோ லேசா ஆரஞ்சோ போதும். எவ்வளவுன்னு கணக்கு வச்சு சொல்ற ஃபார்முலா எல்லாம் உண்டு, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, உங்க லேஅவுட் லைட்டுக்கு கீழ வச்சு கண்ணு தான் முடிவு பண்ணணும்.

லைட்டுன்னு சொன்னதும் இதையும் சேர்த்தே சொல்லிடறேன். ரெண்டு பெயிண்ட் வெயில்ல ஒண்ணா தெரியும், ட்யூப்லைட்ல வேற வேறயா தெரியும், வேற வேற பிக்மென்ட்ல இருந்து ஒரே கலரைக் கொண்டு வந்தா இப்படி ஆகும். அதனால பகல் வெளிச்சத்துல கலந்து முடிச்சுட்டு, லேஅவுட் லைட்ல ஒரு தடவை பாக்காம பாடியில அடிக்காதீங்க. மஞ்சள் எல்இடி போட்டிருக்குற ரூம்ல நீலம் செத்துப்போன மாதிரி தெரியும், அங்க பெயிண்ட்டை மாத்துறதைவிட சிஆர்ஐ (கலரை எவ்வளவு சரியா காட்டும்ங்கிற அளவு) 90க்கு மேல இருக்குற வெள்ளை எல்இடி மாத்துறது தான் புத்திசாலித்தனம்.

கலக்குறதுக்கு: டாமியா அக்ரிலிக் உபயோகிக்கிறவங்க எக்ஸ்எஃப்-8 பிளாட் ப்ளூவுல ஆரம்பிக்கலாம், ஜன்னல் பட்டைக்கு எக்ஸ்-14 ஸ்கை ப்ளூவும் எக்ஸ்-2 வெள்ளையும், அரக்குக்கு எக்ஸ்எஃப்-9 ஹல் ரெட்ல கொஞ்சம் எக்ஸ்எஃப்-7 சிவப்பு. இது எதுவும் மேட்ச் இல்ல, கிளம்புற இடம் தான். நீலம் ரொம்ப பளிச்சுன்னு இருந்தா அதை அடக்க கருப்பு விடாதீங்க, கருப்பு நீலத்தைக் கொன்னுடும், ஒரு சொட்டு பிரவுனோ ஆரஞ்சோ விட்டா அழகா அடங்கும். டிராப்பர்ல சொட்டு எண்ணி விடுங்க, எத்தனை சொட்டுன்னு எழுதுங்க, அடுத்த வருஷம் பதினோராவது பெட்டி வாங்குவீங்க. கலந்ததை வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன் பின்பக்கத்துல, பாடிக்கு அடிக்கப்போற அதே ப்ரைமர் மேல அடிச்சு, நல்லா காய விட்டு, அதுக்கு மேல கடைசியில அடிக்கப்போற க்ளியர் கோட்டும் அடிச்சு, அப்புறம் தான் கார்டு பக்கத்துல வச்சுப் பாக்கணும். அக்ரிலிக் காயும்போது கொஞ்சம் அடராகும், மேட் க்ளியர் அடிச்சா வெளுக்கும், பளபளப்பான க்ளாஸ் க்ளியர் அடிச்சா மறுபடி அடரும், ஈரமா இருக்கும்போது பாத்துட்டு முடிவு பண்ணா கண்டிப்பா தப்பாகும்.

கார் பெயிண்ட் கலக்குற கடையில 100 மில்லி மேட்ச் பண்ணி வாங்குறவங்க நிறைய பேர் இருக்காங்க, கலர் நல்லாவே வரும், ஆனா அந்த என்சி தின்னர் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை கரைச்சுடும். பிளாஸ்டிக்குக்குன்னு இருக்குற ப்ரைமர் அடிச்சு, நல்லா காய்ஞ்சதுக்கு அப்புறம் லேசு லேசா அடிச்சா தப்பிக்கும், உடைஞ்ச பாடியில சோதிச்சுப் பாக்காம நேரா அடிக்காதீங்க. வலேஹோ மாதிரி தண்ணி பேஸ் பெயிண்ட்ல ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) ஊத்தாதீங்க, திரிஞ்சு கட்டியாயிடும், டாமியாவுக்கு ஐபிஏ ஓகே.

பாடியை ரெடி பண்றது சீக்கிரம் முடியுற வேலை, ஆனா விட்டுடக்கூடாது. பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு வெதுவெதுப்பான தண்ணியில கழுவி, மெத்துன்னு ஒரு பிரஷ்ல தேய்ச்சு, காய விடுங்க, அதுக்கப்புறம் வெறும் கை படக்கூடாது. 3டி பிரின்ட் பாடின்னா லேயர் கோடு தெரியாத வரைக்கும் தேய்க்கணும், ஏன்னா ஐசிஎஃப் பெட்டி பக்கவாட்டு நீளமான தட்டை, 245 மில்லிமீட்டர் நீளத்துல ஒரு கோடு இருந்தாலும் லைட்ல காட்டிக்குடுத்துடும். ப்ரைமர் கலரும் முக்கியம், நீலத்துக்கு வெளிர் சாம்பல் ப்ரைமர் போதும், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் சாம்பல் மேல அடிச்சா மந்தமாகும், ரோஸோ வெள்ளையோ அடியில வேணும்.

ஏர்பிரஷ்னா 0.3 மிமீ நாசில், 15 முதல் 20 பிஎஸ்ஐ, பெயிண்ட் பால் பதத்துல, எட்டு பத்து சென்டிமீட்டர் தூரம். ஸ்ப்ரே கேன்னா ஒரு அடிக்கு கொஞ்சம் கம்மியா தள்ளிப் பிடிங்க. பாடிக்கு வெளிய ஆரம்பிச்சு வெளிய போய் முடிங்க, நடுவுல நிறுத்தாதீங்க. முதல் கோட் அடியில இருக்குறது தெரியுற அளவுக்கு லேசா இருக்கணும், மூணு நாலு லேசு கோட்ல கலர் கட்டணும். ஏன் இவ்வளவு சொல்றேன்னா மொத்த பெயிண்ட் தடிமன் 50 மைக்ரான் ஆனா கூட நிஜப் பெட்டியில அது நாலு மில்லிமீட்டருக்கு மேல பூசின மாதிரி, ஜன்னல் ஓரம், கதவு விளிம்பு எல்லாம் மூழ்கிடும்.

சென்னை மாதிரி கடலோர ஊர்ல இருக்குறவங்களுக்கு ஈரம் பெரிய எதிரி. லாக்கர் பெயிண்ட்டோ க்ளியரோ மழை நாள்லயோ விடிகாலையிலயோ அடிச்சா மேல வெள்ளையா பூத்துக்கும், காத்துல இருக்குற ஈரம் காயுற பெயிண்ட்ல மாட்டிக்கிறதால வர்றது அது. நல்லா வெயில் ஏறின அப்புறம், பதினோரு மணிக்கு மேல அடிங்க, கம்ப்ரஸர்ல மாய்ஸ்ச்சர் ட்ராப் இல்லாம அடிக்கவே அடிக்காதீங்க, நடுவுல ஒரு சொட்டு தண்ணி துப்பினா பக்கவாட்டு முழுக்க போச்சு. ஏப்ரல் மே மாசத்துல இதுக்கு நேர்மாறு, பெயிண்ட் பாடியில விழறதுக்கு முன்னாடியே காத்துலயே காய்ஞ்சு சொரசொரன்னு உக்காரும், அப்ப காயறதை மெதுவாக்குற ரிடார்டர் இருக்குற லெவலிங் தின்னர் போடணும், இல்லன்னா கொஞ்சம் கிட்ட வச்சு அடிக்கணும். லாக்கர் அடிக்கும்போது துணி மாஸ்க், என்95 எல்லாம் பத்தாது, அது தூசியைத் தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. கார்பன் கார்ட்ரிட்ஜ் வச்ச மாஸ்க் வாங்குங்க, ஜன்னல் திறந்து ஃபேன் வெளிப்பக்கம் பாத்து இருக்கணும், வீட்டுல குழந்தைங்க இருந்தா மொட்டை மாடிக்குப் போயிடுங்க.

பட்டைக்கு வருவோம். வெளிர் நீலத்தை முதல்ல அடிங்க, அதை மறைச்சுட்டு மேலயும் கீழயும் அடர் நீலம். பட்டை எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு குத்துமதிப்பா வைக்காதீங்க. நேரா பக்கவாட்டுல எடுத்த போட்டோவுல ரெண்டு போகியோட (பெட்டிக்கு அடியில சக்கரங்களைத் தாங்குற சட்டத்தோட) நடு மையங்களுக்கு இடையில இருக்குற தூரத்தை அளந்துக்கங்க, நிஜத்துல அது 14.783 மீட்டர், எச்ஓவுல 170 மிமீ. போட்டோவுல அது 85 மிமீ வந்தா, அந்த போட்டோவுல இருக்குற எந்த அளவையும் ரெண்டால பெருக்கினா மாடல் அளவு கிடைச்சிடும். பட்டை ஒரு மில்லிமீட்டர் கீழ இறங்கினா கூட பெட்டி குள்ளமா தெரியும், கலர் ஷேட் தப்பானதைவிட இது சீக்கிரம் கண்ணுல படும். டேப்பை புது பிளேட் வச்சு கண்ணாடி மேல வெட்டுங்க, கடையில வர்ற டேப் விளிம்புல தூசி ஒட்டியிருக்கும். டேப் ஒட்டி விளிம்பை நகத்தால அழுத்தினதும், முதல்ல அதே வெளிர் நீலத்தை ஒரு லேசு கோட் டேப் விளிம்பு மேல அடிங்க, கசியுற இடத்துல வெளிர் நீலமே போய் அடைச்சுக்கும், அதுக்கு மேல அடர் நீலம் அடிச்சா கோடு கத்தி மாதிரி நிக்கும். டேப்பை பெயிண்ட் முழுசா இறுகறதுக்கு முன்னாடி, பின்பக்கமா மடக்கி மெதுவா உரிங்க.

மெல்லிசு கோடுங்களை பெயிண்ட்ல முயற்சி பண்ண வேண்டாம். நிஜத்துல ஒரு அங்குல கோடு எச்ஓவுல 0.3 மிமீ கூட இல்ல, டெக்கால் (தண்ணியில நனைச்சு ஒட்டுற மெல்லிசு ஸ்டிக்கர்) தான் சரி. மஞ்சள் எழுத்து, நம்பர், அந்த கடைசி சுவர் ஸ்டென்சில் எல்லாமே டெக்கால். மேட் பெயிண்ட் மேல டெக்கால் ஒட்டினா அடியில காத்து மாட்டி வெள்ளி மாதிரி மின்னும், அதனால முதல்ல க்ளாஸ் க்ளியர், அப்புறம் டெக்கால், சாஃப்ட்னர் போட்டு மேடு பள்ளத்துல உக்கார வச்சு, ஒரு நாள் விட்டு மேல கடைசி க்ளியர். கடைசி க்ளியர் தான் பெட்டியோட வயசை சொல்லும், புதுசா பிஓஎச் ஆனதுக்கு பாதி பளபளப்பா இருக்குற சாட்டின், நாளானதுக்கு முழு மேட்.

கூரையை சுத்தமான சில்வரா விடாதீங்க, சில்வர்ல சாம்பல் கலந்து, நடுவுல வென்டிலேட்டர் சுத்தி கொஞ்சம் புகைக்கறுப்பு. அடியில இருக்குற பேட்டரி பாக்ஸ், போகி எல்லாம் கருப்பா புறப்பட்டாலும் சில வாரத்துலயே தூசி ஏறி செம்பழுப்பு ஆயிடும், பிரேக் தூள் இரும்புத் துரு கலர்ல சக்கரத்தைச் சுத்தியும் பக்கவாட்டு கீழ் விளிம்புலயும் ஒட்டும். இதுக்கு கருப்பு மேல பழுப்பு பவுடரை மெத்துன்னு பிரஷ்ல தட்டினா போதும். பக்கவாட்டுல அழுக்கு வேணும்னா ஜன்னல் மூலையில இருந்து கீழ இறங்குற மழைக்கோடு மட்டும், அதுவும் எல்லா ஜன்னலுக்கும் இல்ல. வாஷிங் பிளான்ட் பிரஷ் தேய்க்கிற நடுப்பகுதி சுத்தமா இருக்கும், பிரஷ் போகாத கதவு குழியும் கைப்பிடி பின்னாடியும் தான் அழுக்கு தேங்கும், இதைப் பாத்து செஞ்சா கொஞ்ச அழுக்குலயே பெட்டி ஓடின வண்டியா தெரியும்.

எல்லாம் காய்ஞ்சு, முகர்ந்து பாத்தா பெயிண்ட் வாசனை வராத வரைக்கும் ஜன்னல் கண்ணாடி மாட்டாதீங்க. மாட்டும்போது ஃபெவி க்விக் வேண்டாம், அதோட ஆவி கண்ணாடியை உள்பக்கமா பனி படிஞ்ச மாதிரி ஆக்கிடும், திரும்ப சரி பண்ண பாடியையே கழட்டணும். சாதா ஃபெவிகாலை குச்சி நுனியில தொட்டு ஓரத்துல வச்சா போதும். கூரையை மூடுறதுக்கு முன்னாடி உள்பக்கம் ஒரு துண்டு டேப்ல அந்த பெட்டிக்கு கலந்த சொட்டுக் கணக்கை எழுதி ஒட்டிடுங்க, பின்னாடி எங்கயாவது கீறல் விழுந்தா டச்சப்புக்கு அதே நீலத்தைக் கலந்துக்கலாம்.